அப்பாவின் டாட்சன் 240இசட்டை விற்கணும், வழி சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. அப்பா பொத்திப் பொத்திப் பாதுகாத்த 1972 மாடல் டாட்சன் 240இசட் காரை விற்க வேண்டிய நிலை. முட்டி வலியால் அவ்வளவு தாழ்வான சீட்டில் அவரால் ஏறி இறங்க முடியவில்லை. எனக்கோ நிறுத்தி வைக்க இடமில்லை.

2.4 லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர், இரட்டை கார்புரேட்டர். இன்ஜின் அறைத் தகட்டில் உள்ள எண்கள் ஆவணங்களோடு ஒத்துப்போகின்றன. இந்த மாடலுக்குத் துருதான் எமன். பேட்டரி தட்டுக்கு அடியில், தரைத்தகட்டில், பின்சக்கர வளைவில் எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டேன், சுத்தமாக இருக்கிறது. பெயின்ட்டும் ஒரிஜினல். ஓட்டுநர் கதவு விளிம்பில் மட்டும் நகக்கண் அளவுக்கு உதிர்ந்திருக்கிறது. அப்பாவின் மோதிரம் பட்டுப் பட்டு வந்தது அது.

தெரிந்த மெக்கானிக், முழுக்கப் புதுசாகப் பெயின்ட் அடித்தால் கூடுதல் விலை போகும் என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. சேகரிப்பாளர்கள் பழைய பெயின்ட்டைத்தானே விரும்புவார்கள்? விற்றுப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

ஏலத்தில் விடலாமா, நேரடியாக ஆள் தேடலாமா? விலை நிர்ணயிக்க, பழைய கார்களை மட்டுமே மதிப்பிடுபவரை வைத்து மதிப்பை எழுத்தில் வாங்குவது அவசியமா?

போன வாரம் பார்க்க வந்த ஒரு வியாபாரி, பாகம் பாகமாகப் பிரித்து விற்றால்தான் லாபம் என்று அப்பா முன்னாலேயே சொல்லிவிட்டார். அன்று இரவு அப்பா சாப்பிடவில்லை. கொஞ்சம் குறைந்த விலைக்குப் போனாலும் பரவாயில்லை, ஓட்டி வைத்துக்கொள்கிறவர் வேண்டும். அப்படி யாராவது தெரிந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.