பொருள்: வல்னரபிலிட்டிக்குத் தமிழ்ச்சொல் தேவை (வெள்ளிக்குள்)

வேதாரண்யத்திலிருந்து, திங்கள் காலை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குப் பேரிடர் மேலாண்மை பற்றி ஒரு பயிற்சி ஏடு தயாரிக்கிறோம். வெள்ளிக்கிழமை மாலைக்குள் அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். மூன்றாம் பக்கத்து அட்டவணையின் தலைப்புகளில் சிக்கி நிற்கிறேன்: ஹசார்ட், எக்ஸ்போஷர், வல்னரபிலிட்டி, ரிஸ்க், டிசாஸ்டர். கடைசிச் சொல்லுக்குப் ‘பேரிடர்’ இருக்கிறது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே ஏறிவிட்ட சொல், அதைத் தொட வேண்டாம். மற்றவைதான் தகராறு. என் கையில் உள்ள ஒரு கையேட்டில் ‘இடர்’ என்பது ஆறாம் பக்கத்தில் ஹசார்ட், பதினோராம் பக்கத்தில் ரிஸ்க்.

சென்ற வாரம் கரும்பலகையில் ‘புயல் ஓர் இயற்கைப் பேரிடர்’ என்று எழுதினேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். “கஜா அன்று எங்கள் தெருவில் எல்லாருக்கும் ஒரே காற்றுதான் டீச்சர். எங்கள் கூரை போய்விட்டது. எதிர் வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டோம். அவர்களுக்கும் அது பேரிடரா?” 2018 நவம்பர் 16 விடியற்காலையில் அவளுக்கு ஏழு வயது. அந்தத் தெரு எனக்குத் தெரியும். ஓலைக்கூரை, ஆஸ்பெஸ்டாஸ் தகடு, தளம் போட்ட வீடு மூன்றும் அடுத்தடுத்து நிற்கும். ஓலை பறந்தது. தகடு உடைந்து உள்ளே விழுந்தது. தளம் நின்றது. காற்றுக்கு ஒரு சொல் (ஹசார்ட்), அதன் வழியில் வீடு இருப்பதற்கு ஒரு சொல் (எக்ஸ்போஷர்), கூரை தாங்காததற்கு ஒரு சொல் (வல்னரபிலிட்டி) வேண்டும். கடைசிச் சொல் இல்லாமல் அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

கோவையிலிருந்து, திங்கள் இரவு

அன்புள்ள ஆசிரியைக்கு, தாங்கள் கேட்ட மூன்றும் ஒரே குறளில் இருக்கின்றன.

வருமுன்னர்க் காவாதான் வாழ்க்கை எரிமுன்னர்
வைத்தூறு போலக் கெடும்.

எரி என்பது வரும் தீங்கு. முன்னர் என்பது அதன் எதிரே இருத்தல். வைத்தூறு என்பது எளிதில் பற்றும் வைக்கோற்போர். மூன்றில் ஒன்று குறைந்தாலும் ‘கெடும்’ என்ற பயனிலைக்கு வேலை இல்லை. இதற்கு மேல் ஒரு வரையறை வேண்டுமா?

ஹசார்டுக்கு ‘ஊறு’ என்பதே என் முன்மொழிவு. “ஊறொரால் உற்றபின் ஒல்காமை” என்று வினைத்திட்பத்தில் வருகிறது. ஊறு வராமல் விலக்குவது ஒன்று, வந்தபின் தளராதது மற்றொன்று. பேரிடர் மேலாண்மை முழுவதும் அந்த ஓரடியில் அடங்கும்.

வல்னரபிலிட்டிக்கு ‘நொய்ம்மை’. உடைந்த அரிசிக்கு நொய் என்று பெயர் வைத்த மொழி இது. நொசிதல், நொடிதல், நொறுங்குதல், நோதல், நோய் எல்லாம் ‘நொ’ என்ற வேரின் கிளைகள். இதன் எதிர்ச்சொல்லையும் பாருங்கள்: நோன்மை. “உற்றநோய் நோன்றல்” என்பதில் வருகிற நோன்றல், பொறுத்து நிற்றல். நொய்ம்மைக்கு எதிர் நோன்மை. அட்டவணையில் அடுத்தடுத்த கட்டங்களில் இரண்டையும் போட்டால் மாணவர் மறப்பார்களா? எங்கள் ஊர் நொய்யல் ஆற்றின் பெயரும் இந்த வேரினதே என்பது என் துணிபு. மணல் நொய்யாக இருந்ததால் வந்த பெயர். இதுபற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து, செவ்வாய் காலை

பேராசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நொய்யலை இப்போதைக்கு விட்டுவிடுவோம். பழம்பாடல்களில் அந்த ஆறு காஞ்சி. நொய்யல் என்ற பெயர் எப்போது வந்தது என்று தெரியாமல் வேர் தேட முடியாது.

‘ஊறு’ பற்றி எனக்கு ஒரு தடை உண்டு. அந்தக் குறளில் ஊறு என்பது பழுதுபடும் செயல். புயலும் நிலநடுக்கமும் யாருடைய செயலும் அல்ல. வைத்தூறு என்பதிலும் ஊறு இருக்கிறதோ என்று முதலில் படித்தபோது குழம்பினேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை குழம்பாதா?

என் கவலை வேறு. ‘இடர்’, ‘பேரிடர்’ என்று வைத்தால் சிறியது இடர், பெரியது பேரிடர் என்றுதான் காதில் விழும். வேறுபாடு அளவில் இல்லை. ஆள் இல்லாத நடுக்கடலில் எத்தனை பெரிய புயல் சுழன்றாலும் அது பேரிடர் ஆகாது. 1999 அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். 2013இல் அதே மாநிலத்தில் கோபால்பூருக்கு அருகே பைலின் கரை கடந்தது. அதுவும் மிகக் கடும் புயல்தான். இறந்தவர்கள் ஐம்பதைத் தொடவில்லை. லட்சக்கணக்கானவர்களை முன்கூட்டியே ஏற்றிச் சென்று காப்பகங்களில் வைத்திருந்தார்கள். கடல் மாறவில்லை, கரை மாறியது. ஆகவே ‘இயற்கைப் பேரிடர்’ என்ற தொடரையே ஏட்டிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று ஆசிரியையைக் கேட்டுக்கொள்கிறேன். இடர் இயற்கையினது. பேரிடரில் நம் கை இருக்கிறது.

ஹசார்டுக்கு ‘இடர்க்காரணி’ எப்படி?

வேதாரண்யத்திலிருந்து, செவ்வாய் மதியம்

தொடரை எடுத்துவிட்டேன், நன்றி. ‘இடர்க்காரணி’ மட்டும் சரிவராது. தலைப்புகள் எல்லாமே காரணிகள்தாம். எல்லாவற்றுக்கும் அதே பெயர் பொருந்திவிடும்.

பதுளையிலிருந்து, செவ்வாய் இரவு

அனைவருக்கும் வணக்கம். இலங்கையில் டிசாஸ்டருக்கு அனர்த்தம் என்கிறோம். அனர்த்த முகாமைத்துவ நிலையம் என்றால் எந்தத் தோட்டத்துப் பாட்டிக்கும் விளங்கும். நீங்கள் நிலச்சரிவு என்பது எங்களுக்கு மண்சரிவு. அனர்த்தம் வடசொல் என்று பேராசிரியர் ஐயா விலக்குவார் என்று தெரியும். “வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ” என்று தொல்காப்பியரே வாசல் திறந்து வைத்திருக்கிறார் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

நான் எழுத வந்தது நொய்ம்மை பற்றி. 2014 அக்டோபர் 29 காலை எங்கள் மாவட்டத்துக் கொஸ்லாந்தை மீரியாபெத்தைத் தேயிலைத் தோட்டத்தில் மலை இறங்கி லயன்களை, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, மூடியது. பிள்ளைகள் பாடசாலைக்குப் போயிருந்தார்கள். திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் சேறு இருந்தது. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. அங்கிருந்தவர்கள் ஏன் போகவில்லை? போவதற்குக் காணி இல்லை. அவர்கள் இருந்த வீடு அவர்களுடையது இல்லை. வேலையும் வீடும் ஒரே முடிச்சு. லயன் எங்கே கட்டுவது என்று அந்த மக்களை யாரும் கேட்கவில்லை.

இப்போது சொல்லுங்கள், இதை ‘நொய்ம்மை’ என்றால் என் மாணவர்கள் என்ன நினைப்பார்கள்? தங்கள் தாத்தா பாட்டி நொய்யரிசி போல உடைந்தவர்கள் என்றுதானே? கொழுந்துக்கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு அந்த மலையில் ஏறியவர்கள் நொய்தானவர்கள் இல்லை. அந்த நிலையில் வைக்கப்பட்டவர்கள். சொல்லில் ‘வைத்தவன்’ தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அந்தச் சொல் எனக்கு வேண்டாம்.

கோவையிலிருந்து, புதன் காலை

பதுளை நண்பரின் மடலை இரண்டு முறை படித்தேன். மனம் கனத்தது. ஆனால் ஒன்று. நொய்ம்மை ஆளுக்கு மட்டும் உரிய பண்பு அல்ல, பொருளுக்கும் நிலத்துக்கும் உரியது. மலை நொய்தாக இருந்தது, சுவர் நொய்தாக இருந்தது என்று சொல்ல இடம் உண்டு.

தொல்காப்பியம் காட்டினீர்கள். அங்கே வருகிற ‘ஒரீஇ’யும் நான் காட்டிய ‘ஊறொரால்’ என்பதில் உள்ள ‘ஒரால்’ என்பதும் ஒரே வினை, ஒருவுதல். விலக்கு, நீங்கு என்று பொருள். வடவெழுத்தை ஒருவச் சொன்னார் என்பதையும் கவனியுங்கள். சென்னை நண்பருக்கு: வைத்தூறு என்பது வை + தூறு. வை வைக்கோல், தூறு குவியல். அங்கே ஊறு இல்லை.

சென்னையிலிருந்து, புதன் மதியம்

பதுளை ஐயாவின் தடை நியாயமானது. அதற்கு இலக்கணத்திலேயே ஒரு வழி இருக்கிறது என்று தோன்றுகிறது. ‘நலி’ என்ற வினை இரு பக்கமும் ஓடும். அவன் நலிந்தான் என்றால் மெலிந்தான். நோய் அவனை நலிந்தது என்றால் வருத்தியது. ‘நலிவு’ என்ற தொழிற்பெயரில் வருந்துகிறவனும் வருத்துகிறதும் இரண்டும் ஒளிந்திருக்கின்றன. ‘நலிவுநிலை’ என்று வைக்கலாமா?

‘நலிவடைந்த பிரிவினர்’ என்ற அரசுத் தொடரால் வறுமை என்று மட்டும் எடுத்துக்கொள்வார்கள் என்ற அச்சம் எனக்கும் உண்டு. அதனால் ஓர் எடுத்துக்காட்டைச் சேர்க்கச் சொல்கிறேன். 2001 ஜனவரி 26 குஜராத் நிலநடுக்கத்தில் மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு அப்பால், அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் விழுந்தன. தரைத்தளத்தில் சுவரே இல்லாமல் கார் நிறுத்தத் தூண்களை மட்டும் விட்ட கட்டடங்கள் பல. அங்கே குடியிருந்தவர்கள் ஏழைகள் அல்லர். நலிவு தூணில் இருந்தது.

வேதாரண்யத்திலிருந்து, வியாழன் இரவு

இன்று வகுப்பில் மூன்று சொற்களையும் எழுதிப்போட்டேன். ‘நொய்ம்மை’யை ஒருவரும் சரியாக உச்சரிக்கவில்லை, ஆனால் பொருள் சொன்னதும் நொய்க்கஞ்சி என்று உடனே பிடித்துக்கொண்டார்கள். ‘நலிவுநிலை’ கேட்காமலே புரிந்தது. ‘ஊறு’ என்றதும் ஊறுகாய் என்று ஒரு பையன் சொன்னான், வகுப்பு சிரித்துவிட்டது. கோவை ஐயா மன்னிக்க வேண்டும். 2004க்குப் பிறகு ‘ஆழிப்பேரலை’ நல்ல சொல்லாகத்தான் வந்தது. எங்கள் கடற்கரையில் இன்றைக்கும் சுனாமி என்றுதான் சொல்கிறார்கள். வாயில் ஏறாத சொல் எச்சரிக்கைக்கு உதவாது. அதுதான் என் அளவுகோல்.

எக்ஸ்போஷருக்கு யாருமே எதுவும் சொல்லவில்லை. ‘வெளிப்பாடு’ என்றால் கவிதை நினைவுக்கு வருகிறது. ‘எதிர்ப்பாடு’ என்றால் போராட்டம்.

வேதாரண்யத்திலிருந்து, வெள்ளி மாலை

அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். ஹசார்ட் ‘இடர்’. ரிஸ்க் ‘இடர்வாய்ப்பு’. வல்னரபிலிட்டி ‘நலிவுநிலை’. எக்ஸ்போஷர் கட்டத்தில் சொல் எதுவும் போடவில்லை, ‘இடரின் வழியில் யார், எது இருக்கிறது?’ என்ற கேள்வியைப் போட்டேன். இடர், பேரிடர் அளவுச் சிக்கல் தீரவில்லை. அடுத்த பக்கத்தில் ஒடிசாவின் இரு புயல்களையும் அருகருகே கொடுத்திருக்கிறேன். மாணவியின் தெருவும் படமாக இருக்கிறது, மூன்று கூரைகளோடு.

பதுளையிலிருந்து, வெள்ளி இரவு

வாழ்த்துகள். எங்கள் பிள்ளைகளுக்கு நான் ‘பாதிக்கப்படும் தன்மை’ என்றே எழுதப் போகிறேன். நீளம்தான். ‘படு’ என்ற துணைவினையாவது அதில் நிற்கிறது.

கோவையிலிருந்து, சனி காலை

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன். நொய்ம்மை–நோன்மை இணையை மட்டும் குழுவின் சொற்பட்டியலில் மாற்றுச்சொல்லாகச் சேர்த்துவைக்க வேண்டுகிறேன். எக்ஸ்போஷருக்கு: குறளில் ‘எரிமுன்னர்’ என்று இருக்கிறதே, ‘முன்னர்மை’ என்று ஆக்க இலக்கணம் இடம் தருமா? இரண்டாம் பதிப்புக்குள் யாராவது சொல்லுங்கள்.