வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் மருந்து புகட்டிய அனுபவம்

எங்கள் வீடு பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் வழியில் உள்ளது. வெள்ளாட்டிற்கு வயிறு உப்பினால் எண்ணெய் புகட்டினால் போதும் என்று பல ஆண்டுகளாக நம்பியிருந்த நான், அந்த நம்பிக்கையால் ஒரு நல்ல பால் ஆட்டை ஏறக்குறைய இழந்துவிட்டேன்.

திருவோணத்தன்று மிஞ்சிய சோற்றை அண்டாவோடு பின்கட்டில் வைத்திருந்தோம். கயிற்றை அறுத்துக்கொண்டு வந்த மலபாரி ஆடு அதில் பாதியைத் தின்றுவிட்டது. மறுநாள் காலை அது தழையைத் தொடவில்லை, அசை போடவில்லை. பல்லை நறநறவென்று கடித்தபடி தலையைத் தொங்கவிட்டு நின்றது. இடப்பக்கம் பெருத்திருப்பதைக் கண்டதும் 100 மில்லி கடலை எண்ணெயைப் புகட்டினேன். மாலைக்குள் புளித்த நாற்றத்துடன் தண்ணீராகக் கழியத் தொடங்கி, கண்களும் குழிந்துவிட்டன.

மிருகாசுபத்திரியிலிருந்து வந்த டாக்டர், பெட்டியைத் திறக்கும் முன்பே என் கையைப் பிடித்து, கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவிலுள்ள இடப்பக்கப் பள்ளத்தில் வைத்து அழுத்தச் சொன்னார். காற்று அடைத்த வயிறு தட்டினால் முரசுபோல் ஒலிக்கும். இதுவோ நீர் நிறைந்த தோல்பையைப்போல் என் உள்ளங்கைக்குக் கீழே தளும்பியது. சோறு வேகமாகப் புளித்து லாக்டிக் அமிலம் பெருகுவதால் செரிமானத்திற்கு உதவும் நுண்ணுயிர்கள் மடிந்து, உடலின் நீர் வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது என்றும், எண்ணெய் காற்றால் உப்பிய வயிற்றிலுள்ள நுரையை உடைக்குமே தவிர அமிலத்தை ஒன்றும் செய்யாது என்றும் அவர் விளக்கினார். அந்த அமிலத்தை முறிக்க சோடா உப்பு (சமையல் சோடா) 20 கிராமை அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கரைத்து, புரையேறாதபடி ஆட்டின் தலையை அதிகம் தூக்காமல் சிறிது சிறிதாகக் கொடுத்தார். நரம்பு வழியே மருந்து நீர் ஏற்றி, வைட்டமின் பி1 ஊசியும் போட்டார். மூன்றாம் நாள், மடிந்த நுண்ணுயிர்களுக்கு ஈடாக, நலமாயிருந்த வேறோர் ஆட்டின் வாயிலிருந்து அசைக்கவளத்தை விரலால் எடுத்து, நீரில் கரைத்துப் புகட்டச் செய்தார். அன்றிரவு அதன் இடப்பக்கத்தில் காதை வைத்தபோது, தொலைவில் இடி உருள்வதுபோல் வயிறு அசையும் ஓசை கேட்டது. அதற்குப் பிறகே வீட்டில் அனைவரும் சாப்பிட்டோம்.

அட்டப்பாடியிலிருந்து ஆடு வளர்க்கும் மற்றொருவர்:

மேலே ஐயா எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். எங்கள் ஆடுகள் இரண்டு பச்சை மரவள்ளி இலையை மேய்ந்த சற்று நேரத்திலேயே வயிறு உப்பி, மூச்சிரைத்து, ஈறுகள் செக்கச்செவேலென்று ஆகித் தள்ளாடின. அது செரியாமை அன்று, இலையிலுள்ள சயனைடு நஞ்சு. வீட்டு மருந்து தேடாமல் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ஓடினோம். ஒன்று வழியிலேயே இறந்தது, மற்றது நரம்பில் போட்ட ஊசியால் எழுந்தது. இப்போது மரவள்ளித் தழையை நன்றாக வெயிலில் உலர்த்தாமல் பட்டிக்குள் கொண்டுவர யாரையும் விடுவதில்லை.