கடைசி மாசத்து நாரி நோவும் பிள்ளை கிடக்கிற பக்கமும்: வன்னி அம்மாமார் உங்கட அனுபவத்தை எழுதுங்கோ

வட்டக்கச்சித்_தங்கச்சி:
இது எனக்கு இப்பவும் மனசுக்க நிக்குது அதுதான் எழுதுறன். மூத்தவன் வயித்தில, 36 கிழமை தாண்டினாப்பிறகு நாரி நோ எண்டா அப்பிடி ஒரு நோ, இருந்தாலும் நோகுது படுத்தாலும் நோகுது, மாமி சொல்லுறா எல்லாருக்கும் உள்ளதுதான் பிள்ளை எண்டு. கிளினிக்கில மிட்வைஃப் அக்கா கை வைக்க முதல் கொஞ்ச நேரம் சும்மா வயித்தைப் பார்த்துக்கொண்டு நிண்டவா. தொப்புளடியில பள்ளமா இருந்தது, எனக்கு அது ஒரு விசயமாவே படேல்ல. பிறகு ரெண்டு பக்கமும் அமத்திப் பார்த்துட்டு என்ர கையைப் பிடிச்சு தொப்புளுக்குப் பக்கத்தில வைச்சு மெல்ல நகர்த்தினவா. முண்டு முண்டா சின்னச் சாமான்கள் கையில தட்டுப்பட்டுது. இது முழங்கால், இது முழங்கையா இருக்கும் எண்டா. "எல்லாம் முன்னுக்கு நிக்குது, அப்ப முதுகு எங்க பிள்ளை போச்சு?" எண்டு என்னட்டையே கேட்டா. எனக்குச் சொல்லத் தெரியேல்ல. "உன்ர முதுகுப் பக்கம்தான். அவன்ர பிடரி உன்ர நாரி எலும்பில முட்டிக்கொண்டு கிடக்கு" எண்டா.

தலை கீழதான், ஸ்கேனிலயும் அப்பிடித்தான் எழுதியிருந்தது. ஆனா தலை கீழ இருந்தாலும் முகம் எந்தப்பக்கம் பார்க்குது எண்டு ஒண்டு இருக்கு எண்டு எனக்கு அண்டைக்குத்தான் தெரியும். பிள்ளை பிறக்கிற நேரம் குத்து வயித்தில இல்லாம முழுக்க நாரிக்குள்ளதான் வந்தது, நேரமும் இழுத்தது, கடைசியில அவன் தானாத் திரும்பி சாதாரணமாத்தான் பிறந்தவன். ஆனா என்ர கையைப் பிடிச்சு வைச்சாவே, அந்த நிமிசம்தான் எனக்கு உள்ளுக்க ஒரு ஆள் இருக்கிறார் எண்டு உண்மையா விளங்கினது. உங்களுக்கும் யாரும் இப்பிடித் தொட்டுக் காட்டினவையோ?

மாங்குளத்து_மச்சாள்:
தங்கச்சி கோவிக்காதேங்கோ, எல்லா நாரி நோவையும் பிள்ளையில கொண்டுபோய்ப் போடாதேங்கோ. என்ர ரெண்டாவது நல்ல வடிவா முதுகை முன்னுக்குக் குடுத்துக்கொண்டு தலை கீழ கிடந்தது, எண்டாலும் என்னால மோட்டச்சைக்கிளில கால் தூக்கிப் போட ஏலாமப் போச்சு. கிளினிக் முடிஞ்சு வெளிய வாறன், இவர் ஸ்டாட் பண்ணிப்போட்டு நிக்கிறார், எனக்கு இடப்பக்கக் கால் நிலத்தை விட்டு எழும்புதில்லை, பின்பக்கத்தில கத்தியால குத்திற நோ, றோட்டில நிண்டு அழுதிட்டன். பார்த்துக்கொண்டு நிண்ட சனம் குத்துத் தொடங்கிட்டுது எண்டு ஓட்டோவும் பிடிச்சிட்டுதுகள். பிறகு ஃபிசியோதெரபி மிஸ் சொன்னது இது இடுப்பெலும்பு மூட்டு இளகிறதால வாறது, பிள்ளை எப்பிடிக் கிடந்தாலும் வரும் எண்டு. பிள்ளைப்பேறுக்கு உடம்பு தானாவே மூட்டுகளை இளக்குமாம், வயிறு முன்னுக்குத் தள்ள நாரி வளைஞ்சு அந்தப் பாரத்தையும் தாங்கவேணுமாம்.

அவ சொல்லித்தந்ததில எனக்கு உதவினது ஒண்டுதான். படுக்கையில திரும்பேக்க ரெண்டு முழங்காலையும் ஒட்டி வைச்சுக்கொண்டு உடம்பை ஒண்டாத் திருப்பிறது, ஒரு காலைத் தனிய இழுக்கிறேல்ல. சட்டை போடேக்கயும் கதிரையில இருந்துதான் போடுறது. நாங்கள் வயல் வேலையும் செய்து கிணத்துத் தண்ணியும் அள்ளிற ஆக்கள், எங்களுக்கு நாரி நோகாம ஆருக்கு நோகும்.

நெடுங்கேணித்_தகப்பன்:
நான் ஆம்பிளை, எழுதலாமோ தெரியாது. மனிசிக்கு ராத்திரி நாரிக்குத்து தொடங்கினது, லேபர் ரூமுக்கை எங்களை விடமாட்டினம்தானே, வீட்டில இருந்த அந்தக் கொஞ்ச நேரம்தான் நான் உதவி செய்தது. கதிரையைத் திருப்பிப் போட்டு அவ சாயிற பக்கத்தைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருந்தா, நான் பின்னால முழங்காலில நிண்டு உள்ளங்கையின்ர அடிப்பாகத்தால நாரிக்குக் கீழ அந்தத் தட்டை எலும்பில ஒவ்வொரு குத்துக்கும் அமத்தினன். இன்னும் அமத்துங்கோ இன்னும் அமத்துங்கோ எண்டு கத்திறா, எனக்கு எலும்பு உடைஞ்சிடுமோ எண்டு பயம். கையை எடுத்தா குளறுறா. அந்தக் குரல் இப்பவும் காதுக்க கேக்குது. 1990 எண்ட அம்புலன்ஸ் நம்பருக்கு அடிச்சு அம்புலன்ஸ் வந்தது, றோட்டில யானை நிண்டதால கொஞ்சம் சுணங்கினது, கடவுளே எண்டு எல்லாம் நல்லபடி.

இப்ப ஆம்பிளையளுக்குச் சில விசயம் சொல்லவேணும். 1990 காசில்லாத சேவை, வாகனம் தேடிக்கொண்டு ஊரெல்லாம் ஓடாம முதலே அடியுங்கோ. கிளினிக் கார்ட், மனிசியின்ர ஐடென்டி கார்ட், உடுப்பு பாக் எல்லாம் 36 கிழமையிலயே கதவடியில இருக்கவேணும். மழைக்காலம் எண்டா உங்கட பாதையில எந்தப் பாலம் மூடுப்படும் எண்டு பார்த்து வையுங்கோ, குறுக்குப் பாதையை நம்பாதேங்கோ. நோவுக்குப் பனடோல் டொக்டர் சொன்ன அளவில குடுக்கலாம், ஆனா உங்கட நாரிப் பிடிப்புக்கு வாங்கி வைச்ச வோல்டரீனை எடுத்து மனிசிக்குக் குடுத்துப் போடாதேங்கோ, கடைசி மாசங்களில அது பிள்ளையின்ர இருதயத்துக்குக் கிட்ட இருக்கிற ரத்தக்குழாயை நேரத்தோட மூடப் பார்க்கும், பிள்ளையைச் சுத்தி இருக்கிற பன்னீரையும் குறைக்கும். ஒத்தணம் குடுக்கலாம், சுடுதண்ணிப் போத்தலைத் துவாயால சுத்தி நாரியில மட்டும், வயித்தில வைக்கிறேல்ல. 28 கிழமைக்குப் பிறகு மல்லாந்து படுக்க விடாதேங்கோ, ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்லி முழங்காலுக்கு நடுவில ஒரு தலாணி, வயித்துக்குக் கீழ மடிச்ச சீலை. தண்ணி வாளி, காஸ் சிலிண்டர், நெல்லு மூட்டை ஒண்டையும் தூக்க விடாதேங்கோ.

மாங்குளத்து_மச்சாள்:
அண்ணை எழுதினது எல்லாம் சரி, ஆனா நெல்லு மூட்டையைப் பிள்ளைத்தாச்சி தூக்கிறாவோ இல்லையோ எண்டு வீட்டில நிக்கிற ஆம்பிளைதான் பார்க்கவேணும், இஞ்ச வாசிக்கிறது முழுக்கப் பொம்பிளையள்.

புதுக்குடியிருப்பு_2பிள்ளை:
எனக்குத் தலை மேல கிடந்தது. குழாய்க்கிணத்தில தண்ணி அடிக்கக் குனிஞ்சன், வலப்பக்க விலா எலும்புக்குக் கீழ தேங்காய் மாதிரி வட்டமா ஒரு சாமான் வந்து இடிச்சது. கையால தள்ளினா உள்ளுக்க போய்த் திரும்பி வருது. உதைக்கிறதெல்லாம் கீழ மூத்திரப்பையில. அம்மாட்டைச் சொல்ல அவவுக்கு முகம் மாறிட்டுது, அவவுக்கு என்னைப் பெறேக்கயும் அப்பிடித்தானாம். கிளினிக்கில அந்த மரக்குழாயை வைச்சுத் துடிப்புக் கேட்டவை, தலை கீழ இருந்தா தொப்புளுக்குக் கீழதான் வடிவாக் கேக்குமாம், எனக்குத் தொப்புளுக்கு மேலதான் கேட்டது. ஸ்கேனும் அதையேதான் சொன்னது.

என்ர மனசில நிக்கிறது அதுக்குப் பிறகு நடந்ததுதான். மாமி ஒரு ஆச்சியைக் கூட்டிக்கொண்டு வந்தவா, எண்ணெய் போட்டு வயித்தை உருவித் திருப்பிவிட. பாயும் விரிச்சாச்சு, நல்லெண்ணெய்ப் போத்தலும் திறந்தாச்சு. நான் எழும்பி வளவுக்குள்ள போய் நிண்டுட்டன், வரமாட்டன் எண்டுட்டன். மாமி அதுக்குப் பிறகு என்னோட கனநாள் கதைக்கேல்ல. வயித்தை அமத்தித் திருப்பேக்க நச்சுக்கொடி கழண்டு ரத்தம் போனா வீட்டில என்ன செய்யிறது? பெரியாஸ்பத்திரியில டொக்டரும் கையாலதான் திருப்பிப் பார்த்தவர், ஆனா முதல் ஸ்கேன், கருப்பை இளக ஊசி, துடிப்பு மெசின், அவசரம் எண்டா உடன சீசர் செய்யப் பக்கத்தில தியேட்டர். அது ஏறக்குறையப் பாதிப் பேருக்குத்தான் சரிவருமாம், எனக்குத் திரும்பேல்ல. சீசர்தான். பிள்ளை சுகம்.

மல்லாவி_பேத்தி:
அம்மம்மா சொல்லச் சொல்ல நான் அடிக்கிறன். புதுக்குடியிருப்பு அக்கா எழுதினதை வாசிச்சுக் காட்ட அவவுக்குக் கோவம் வந்திட்டுது, எல்லா ஆச்சிமாரும் வயித்தை உருவிறேல்ல எண்டு சொல்லச் சொன்னவா. 96இல கிளிநொச்சியால இடம்பெயர்ந்து அக்கராயன் பக்கம் மரத்துக்குக் கீழ இருக்கேக்க எங்கட சின்னம்மா பிறந்தவ. மருத்துவிச்சி ஆச்சி அம்மம்மாவைப் படுக்க விடேல்லயாம், மாட்டுவண்டில் சட்டத்தில ரெண்டு கையையும் போட்டுச் சாஞ்சு நிக்கச்சொல்லி நாரியை மட்டும் உருவிக்கொண்டு இருந்தவவாம், வயித்தில விரலும் வைக்கேல்லயாம். குத்து வர இடுப்பை ஆட்டு எண்டு சொல்லுவாவாம். சாமான் ஏத்தின வண்டில், மாடு அவிட்டுக் கட்டியிருக்கு, சட்டத்தில தாத்தான்ர சறம் காயுது, அந்தச் சறத்தைக் கடிச்சுக்கொண்டு நிண்டவவாம். ஆஸ்பத்திரி எங்க நடக்குது எண்டு தாத்தா விசாரிச்சு வர முதல் பிள்ளை பிறந்திட்டுது. இதைச் சொல்லேக்க அம்மம்மா அழுறா. மருத்துவிச்சி ஆச்சி பிறகு எங்க போனவ எண்டு ஆருக்கும் தெரியாது. அம்மம்மா இவ்வளவு காலமும் தேடுறா.

புதுக்குடியிருப்பு_2பிள்ளை:
அம்மம்மாட்டைச் சொல்லுங்கோ நான் அவவின்ர மருத்துவிச்சியைச் சொல்லேல்ல. முதுகை உருவிறது வேற, அதை நானும் வேண்டாமெண்டு சொல்லமாட்டன்.

ஓய்வு_மிட்வைஃப்:
நான் வன்னிக்குள்ள கனகாலம் குடும்பநல வேலை செய்தனான். முதல்ல ஒரு கதை. வீட்டுத் தரிசிப்புக்குப் போன இடத்தில ஒரு பிள்ளை, 33 கிழமை, முத்தத்தில உழுந்து புடைச்சுக்கொண்டு இருந்தவ. "நாரிதான் மிஸ், விட்டுவிட்டு நோகுது, மற்றபடி சுகம்" எண்டு சிரிச்சுக்கொண்டு சொன்னா. நான் கொப்பி எழுதிக்கொண்டே மற்றக் கையை அவவின்ர வயித்தில வைச்சன். நாரி நோகுது எண்டு அவ முகத்தைச் சுளிக்கிற நேரமெல்லாம் என்ர கைக்குக் கீழ வயிறு கல்லா இறுகுது, பிறகு விடுகுது. அவவுக்கு வயித்தில நோவே இல்லை. சுளகை வாங்கிக் கீழ வைச்சுப்போட்டு அப்பிடியே ஏத்தி அனுப்பினன். ஆஸ்பத்திரியில பிள்ளையின்ர சுவாசப்பை முதிரிறதுக்கு ஊசி போட நேரம் கிடைச்சுது. பிள்ளை நேரத்துக்கு முந்திப் பிறந்து இன்குபேட்டரில இருந்து தப்பினது. 37 கிழமைக்கு முதல் நாரி நோ ஒரு ஒழுங்கில வந்து வந்து போனா அதை நாரிப்பிடிப்பு எண்டு விடாதேங்கோ. அந்த நேரம் உங்கட கையை வயித்தில வைச்சுப் பாருங்கோ. நோ வரேக்க வயிறு இறுகி, பிறகு இளகுது எண்டா உடன ஆஸ்பத்திரி. காய்ச்சலும் மூத்திர எரிவும் சேர்ந்து நாரி நோகுது எண்டாலும் காத்திருக்கக்கூடாது, அது சிறுநீரகக் கிருமியா இருக்கலாம்.

மாங்குளத்துப் பிள்ளைக்கும் ஒண்டு சொல்லவேணும். உங்கட மூட்டு நோ உண்மை. அதுக்காக வட்டக்கச்சிப் பிள்ளையின்ர நோ பிள்ளை கிடந்த விதத்தால இல்லை எண்டு ஆகாது. பிடரி பின்னுக்குக் கிடக்கிற பிள்ளையள் கனபேர், அதில பெரும்பான்மை குத்துத் தொடங்கினாப்பிறகு தானாத் திரும்பும். கையையும் முழங்காலையும் ஊண்டி நாலு காலில நிண்டா பிள்ளை திரும்பும் எண்டு இப்ப ஃபோனில வீடியோ பார்த்துட்டு வந்து கேக்கினம். திரும்பும் எண்டு நிரூபிக்கேல்ல. ஆனா நாரிக்குச் சுகம் குடுக்கும், அதுக்காகச் செய்யுங்கோ, தரையில பாயைப் போட்டு ஆறுதலா.

நச்சுக்கொடி முன்பக்கம் இருந்தா உதைக்கிறது மந்தமாத்தான் தெரியும், அதை வைச்சுப் பிள்ளை கிடக்கிற பக்கம் சொல்ல வெளிக்கிடாதேங்கோ. 28 கிழமையில தலை மேல எண்டு ஸ்கேனில கண்டு அழுறதும் வேண்டாம், அந்த நேரம் நாலைஞ்சு பேரில ஒராளுக்கு அப்பிடித்தான், மாசம் நிறையேக்க நூறில மூண்டு நாலு பேருக்குத்தான் அப்பிடியே நிக்கும். நான் பயப்பிடுறது குறுக்காக் கிடக்கிற பிள்ளைக்குத்தான். வயிறு மேல கீழ இல்லாம அகலமா இருக்கும், கீழ அமத்தினா வெறுமையா இருக்கும். அப்பிடி ஒராளுக்குப் பன்னீர்க்குடம் உடைஞ்சா பிள்ளைக்கு முதல் தொப்புள்கொடி கீழ வந்திடலாம். தூர இடத்தில இருக்கிறவையை நாங்கள் முதலே வார்ட்டில வந்து நில்லுங்கோ எண்டு சொல்லுறது அதுக்குத்தான், வீட்டில மாடு பார்க்க ஆளில்லை எண்டு சொல்லிப்போட்டு நிக்காதேங்கோ. பிள்ளையின்ர அசைவு வழமையை விடக் குறைஞ்சாலும் அதேதான், அடுத்த கிளினிக் வரைக்கும் பொறுக்கிறேல்ல.

மாங்குளத்து_மச்சாள்:
மிஸ் சொன்னா ஏற்றுக்கொள்ளுறன். ஆனா நாலு காலில நிக்கிறது என்னைப்போல மூட்டு நோகிற ஆக்களுக்கு எழும்பேக்க கூடவா நோகும், கதிரையையோ கட்டிலையோ பிடிச்சுத்தான் எழும்பவேணும், அதையும் சேர்த்து எழுதுங்கோ.

முழங்காவில்_37கிழமை:
எனக்கு முதல் பிள்ளை. இதெல்லாம் வாசிச்சுப்போட்டு நேற்றுக் கிளினிக்கில நானே வாயைத் திறந்து கேட்டன், மிஸ் பிள்ளையின்ர முதுகு எந்தப்பக்கம் எண்டு. ஏன் கேக்கிறீர் எண்டு ஒருக்காப் பார்த்தவா, பிறகு கட்டிலுக்கு ஏறச்சொல்லி ஆறுதலாத் தடவிப் பார்த்தவா. தலை கீழ, முதுகு வலப்பக்கம் கொஞ்சம் பின்னுக்குச் சரிஞ்சு, இன்னும் இடுப்புக்குள்ள இறங்கேல்லயாம். என்ர கையையும் பிடிச்சு வைக்கச் சொல்லிக் கேட்டன். வைச்சவா. காலோ கையோ தெரியேல்ல, வைச்ச உடன உள்ளுக்க இழுத்திட்டுது. நாரி நோ அப்பிடியேதான் இருக்கு, தலாணி வைச்சுப் படுத்தா விடியப்பறம் கொஞ்சம் பரவாயில்லை. இனிச் செவ்வாய்க்கிழமை வரச்சொன்னவை.