நான்கு பதக்கங்கள் தைத்த ஜெர்மன் பட்டை: ஒரே வீரருடையதா, பின்னாளில் சேர்த்ததா?

செம்புக்காசு:
வணக்கம். ஜெர்மன் பதக்கப் பட்டை ஒன்று விலைக்கு வந்துள்ளது. கறுப்பு நாடாவில் வெண்கோடு ஓடும் 1914ஆம் ஆண்டின் இரண்டாம் வகுப்பு இரும்புச் சிலுவை, வாள்களுடன் கூடிய பவேரிய ராணுவச் சேவைச் சிலுவை, வாள்கள் இல்லாத உலகப்போர் கௌரவச் சிலுவை, கடைசியாக ஹிட்லர் கால ஜெர்மன் ராணுவமான வேர்மாக்ட் படையின் நாலாண்டுச் சேவைப் பதக்கம் என நான்கு உள்ளன. தனித்தனியே பார்த்தால் எல்லாம் அசலாகவே தோன்றுகின்றன. ஆனால், நான்கும் ஒருவர் மார்பில் இருந்தவைதாமா என்பதை எப்படி உறுதிசெய்வது?

பழைய நாடா:
முதல் உலகப்போரின் பிரிட்டிஷ் பதக்கங்களின் விளிம்பில் வீரரின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். ஜெர்மன் பதக்கங்களில் பொதுவாக அது இராது என்பதால், பட்டையில் உள்ளவை ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்பதே நமக்குக் கிடைக்கும் முதல் சாட்சி. சேவைப் பதக்கம் 1936 மார்ச்சில் நிறுவப்பட்டது. ஆகவே பட்டை அதற்கு முன் தைக்கப்பட்டிருக்க முடியாது. அது குறையன்று. எனக்கு உறுத்துவது கௌரவச் சிலுவைதான். 1934 ஜூலையில் அன்றைய ஜெர்மன் அதிபர் ஹிண்டன்பர்க் நிறுவிய அச்சிலுவை, விண்ணப்பித்தவர்களுக்கு வழங்கப்பட்டது. போர்முனையில் நின்றவர்க்கு வாள்களுடனும், மற்றவர்க்கு வாள்கள் இன்றியும் கிடைத்தது. உங்கள் இரும்புச் சிலுவையின் நாடாவோ போரிட்டவர்க்கு உரியது. போரிடாதவர்க்கு வெள்ளை நாடாவில் கறுப்புக் கோடுகள் வரும். விதிவிலக்குகள் இருக்கலாம் என்றாலும், இந்தச் சேர்க்கையைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்க மாட்டேன்.

காந்தம்:
மேலே சொன்னதை ஏற்கிறேன். பட்டையின் பின்புறத்தைப் படமெடுத்துக் கேளுங்கள், ஐயா. கம்பளித்துணி எங்கும் ஒரே அளவில் பழசாகியிருக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் நூலின் நிறமோ தையலின் நெருக்கமோ மாறினால், அங்கே கை வைத்திருக்கிறார்கள். பல ஆண்டுகள் தொங்கிய சிலுவை நாடாவில் தேய்ந்த தடத்தை விட்டுச்செல்லும். அத்தடம் இப்போதிருக்கும் பதக்கத்தின் வடிவோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். புற ஊதா விளக்கில் நூல் பளிச்சென்று ஒளிர்ந்தால், அது பெரும்பாலும் இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தையது. ஒளிராமல் இருப்பதால் மட்டும் பழையது என்று சொல்லிவிட முடியாது. பழைய நூலை எடுத்துத் தைப்பவர்களும் உண்டு. இரும்புச் சிலுவையின் நடுப்பகுதி காந்தத்தில் ஒட்ட வேண்டும்.

செம்புக்காசு:
இருவருக்கும் நன்றி. பின்புறப் படம் வந்தது. மூன்றாம் நாடாவின் அடியில் மட்டும் தையல் அகலமாகவும் நூல் வெண்மையாகவும் உள்ளது.

பழைய நாடா:
அப்படியானால் கௌரவச் சிலுவை மாற்றப்பட்டிருக்கவே வாய்ப்பு அதிகம். அறுபது லட்சத்துக்கும் மேல் வழங்கப்பட்ட பதக்கம் அது. எளிதில் கிடைப்பதால் காலியிடத்தை நிரப்பப் பலரும் அதையே எடுப்பார்கள். விற்பவர் பட்டைக்கான விலையைக் கேட்டால் மறுத்துவிட்டு, நான்கு தனிப் பதக்கங்களின் விலையை மட்டும் சொல்லிப் பாருங்கள். வாங்கினாலும் அந்தத் தையலைப் பிரித்து வாள் வைத்த சிலுவையைப் பொருத்திவிடாதீர்கள். பிறகு உங்கள் கைவேலையையும் சேர்த்தே அடுத்தவர் ஆராய வேண்டியிருக்கும்.