புது மானிட்டரில் ஒரே ஒரு பச்சைப் புள்ளி: மாற்றித் தருவார்களா?

பச்சைப்புள்ளி27:
27 அங்குலம், 2560×1440, ஐபிஎஸ் (எல்சிடியில் ஒரு வகை) பேனல். ஆன்லைனில் வாங்கி 5 நாள் ஆகிறது. திரை கறுப்பானால் வலது மேல் மூலையிலிருந்து நாலு விரல் தள்ளி ஊசிமுனை அளவுக்கு ஒரு பச்சைப் புள்ளி எரிகிறது. கம்பெனி உதவி எண்ணில் கேட்டால், குறைந்தது 3 பிரகாசப் புள்ளி இருந்தால்தான் மாற்றுவோம் என்கிறார்கள். ஒன்றுக்கு வழியே இல்லையா? விரலால் அழுத்தித் தேய்த்தால் போய்விடும் என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்கள், செய்யலாமா?

திரைவாசி:
முதலில் அழுத்துகிற வேலையை விடுங்கள். ஒரு புள்ளி நாலாகலாம். அழுத்திய தடம் விழுந்துவிட்டால் 'உடல் சேதம்' என்று எழுதி வாரண்டியையே மறுத்துவிடுவார்கள்.

அது என்ன வகை என்று பாருங்கள். முழுத் திரைக்கும் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு நிறமாக வையுங்கள். ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று துணைப் பிக்சல் சேர்ந்தது. அதில் பச்சை துணைப் பிக்சல் எரிந்தபடியே மாட்டிக்கொண்டிருந்தால் கறுப்பில் பச்சையாகத் தெரியும், சிவப்பில் மஞ்சளாகத் தெரியும், நீலத்தில் வெளிர்நீலமாகத் தெரியும். வெள்ளையிலும் பச்சையிலும் காணாமல் போகும். இது ஸ்டக் (மாட்டிக்கொண்ட) பிக்சல். வெள்ளையில் கறுப்பாகவும் கறுப்பில் ஒன்றுமில்லாமலும் இருந்தால் அது டெட் (செத்த) பிக்சல். மங்கலாக, சாம்பல் நிறத்தில், தலையைச் சாய்த்தால் லேசாக இடம் மாறுகிற மாதிரி இருந்தால் பிக்சலே இல்லை, பேனலுக்குப் பின்னால் சிக்கிய தூசி.

ஸ்டக் என்றால் ஜேஸ்கிரீன்ஃபிக்ஸ் மாதிரி நிறங்களை வேகமாக மாற்றும் பக்கத்தைத் திறந்து, அந்தச் சன்னலைப் புள்ளிமேல் நகர்த்தி 10 நிமிடம் ஓட விடலாம். சிலது விடுபடும், பலது விடுபடாது. வலிப்பு வருகிறவர்கள் அதைப் பார்க்கக் கூடாது. ஒன்று முக்கியம்: ஓட்டுவதற்கு முன்பே புள்ளியைப் படமெடுத்து வையுங்கள், விடுபட்ட புள்ளி திரும்பி வருவதும் உண்டு.

கணக்குப்பிள்ளை:
அந்த '3 புள்ளி' எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பேச வசதி. 1080பி (1920×1080) திரையிலேயே 20,73,600 பிக்சல், ஒவ்வொன்றிலும் 3 துணைப் பிக்சல், ஒவ்வொன்றுக்கும் ஒரு டிரான்சிஸ்டர். 62 லட்சத்தில் ஒன்று பழுதானாலும் பேனலைக் கழித்தால் விலை எகிறும். அதனால்தான் 2001-இல் ஐஎஸ்ஓ 13406-2 என்ற சர்வதேசத் தரம், எத்தனை பழுது வரை ஏற்கலாம் என்று திரைகளை வகுப்பு பிரித்தது. 2-ஆம் வகுப்பில் 10 லட்சம் பிக்சலுக்கு எப்போதும் எரியும் முழுப் பிக்சல் 2, எப்போதும் அணைந்த முழுப் பிக்சல் 2, துணைப் பிக்சல் பழுது 5 வரை அனுமதி. உங்கள் திரையின் 36.86 லட்சம் பிக்சலுக்குப் பெருக்கினால் எரியும் முழுப் பிக்சல் 7, துணைப் பிக்சல் 18! 2008-இல் அதற்குப் பதிலாக ஐஎஸ்ஓ 9241-307 வந்தும் பழைய '2-ஆம் வகுப்பு' பேச்சு போகவில்லை. அதோடு ஒப்பிட்டால் 3 என்பது தாராளம்தான். கோபம் நியாயம், ஆனால் அவர்களிடம் தரத்தைக் காட்டி வாதாடினால் தோற்பீர்கள்.

பழையபேனல்:
கணக்குப்பிள்ளை சொன்னது தயாரிப்பாளர் வாரண்டிக்கு. 5 நாள்தான் ஆகிறது என்றால் அந்த வாசலுக்கே போக வேண்டாம். பொருளின் பக்கத்தில் போட்டிருக்கும் ரிட்டர்ன் நாள் முடிவதற்குள் விற்பனையாளரிடம் 'டிஸ்பிளே பழுது' என்று பதிவு செய்யுங்கள். சில தளங்களில் உடனே எடுத்துக்கொள்ளாமல் கம்பெனி டெக்னீஷியனை வீட்டுக்கு அனுப்புவார்கள், அவர் மறுபடி 3 என்பார். அப்போது தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் போடுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். பழுதான பொருளைத் திரும்ப எடுக்க விற்பனையாளர் மறுக்கவும் கூடாது. ஒரு புள்ளி 'பழுது'தானா என்று இழுப்பார்கள், இழுக்கட்டும். அடுத்தது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

படம் எடுக்கும்போது அறை இருட்டாக இருக்கட்டும். மொபைலில் எக்ஸ்போஷரைக் குறைத்து, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து எடுங்கள், இல்லாவிட்டால் பச்சை ஒளி பொங்கி அளவே தெரியாது. சீரியல் எண் ஸ்டிக்கரும் பில்லும் தனிப் படமாக.

வாங்கப் போகிறவர்களுக்கு: டெல் அல்ட்ராஷார்ப் வரிசையின் பிரீமியம் பேனல் உத்தரவாதத்தில் ஒரு பிரகாசப் பிக்சலுக்கே மாற்றம் உண்டு. அசூஸ் தன் புரோஆர்ட், ஆர்ஓஜி மாடல்கள் சிலவற்றுக்கு 'ஜீரோ பிரைட் டாட்' (எரியும் புள்ளி ஒன்றுகூட இருக்காது என்ற உத்தரவாதம்) தருகிறது. இரண்டும் எரியும் புள்ளிக்குத்தான். கறுத்த புள்ளிக்குத் தனிக் கணக்கு. துணைப் பிக்சல் தனியாக எரிந்தால் அதையும் 'பிரகாசம்' என்று சேர்க்கிறார்களா என்று விளக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். வழக்காடுவதே அந்த ஒரு வரியில்தான்.

பச்சைப்புள்ளி27:
சிவப்பில் மஞ்சள், வெள்ளையில் காணோம். ஸ்டக்தான். ரிட்டர்ன் போட்டாயிற்று. மாற்றாக வருவதிலும் புள்ளி இருந்தால்?

பழையபேனல்:
கொண்டு வருபவர் போவதற்குள் அஞ்சு நிறத்தையும் ஓட்டிப் பாருங்கள். இருந்தால் கையெழுத்துப் போடும் தாளிலேயே எழுதிக் கொடுங்கள். வாரண்டியில் மாற்றினால் பெரும்பாலும் ரீஃபர்பிஷ்டு (பழுது பார்த்த பழைய) பேனல் வரும், அதற்கும் அதே 3 புள்ளி விதிதான். அதனால்தான் முதலில் விற்பனையாளர் பக்கம் போகச் சொன்னது.