கரண்ட் போயிட்டு வந்தா கடை மெஷின் உறையுது. அவசரம்!!

ஆலங்குளம்_கடை:
அண்ணாச்சிமாரே, ஆடிக் காத்துல தினம் ரெண்டு தடவை கரண்ட் போகுது. திரும்ப ஆன் பண்ணா லாகின் வந்துருது. பில் போட ஆரம்பிச்சா அப்படியே உறைஞ்சு நிக்கு. ரொம்ப நேரம் கழிச்சு தானா சரியாகுது. கடைல ஆளுங்க நிக்காவ, சீக்கிரம் சொல்லுங்க.

பணகுடி_காத்து:
ராம் மெமரிதான். கழட்டி ரப்பர் வச்சுத் தேச்சு மாட்டுங்க. எனக்கு மூணு மெஷின் அப்படித்தான் சரியாச்சு.

அம்பை_வாய்க்கால்:
என்ன ஓஎஸ்? டிஸ்க் எவ்வளவு? யூபிஎஸ் இருக்கா?

களக்காடு_ரூட்:
யூநேம்னு கமாண்ட் அடிச்சு, என்ன ஓஎஸ்னு வர்றத ஒட்டக்கூட ஏலாதா? வாரத்துக்கு ஒருத்தர் இப்படி வந்து "உறையுது"ங்காவ. நாங்க என்ன மை போட்டா பாக்க?

பணகுடி_காத்து:
உபுண்டு லினக்ஸ் போட்டுருங்க, தீந்துது.

ஆலங்குளம்_கடை:
ஓஎஸ் ஃப்ரீபிஎஸ்டி 12. டிஸ்க் 2 டிபி. முதல்ல ஃப்ரீபிஎஸ்டி 8 போட்ட டிஸ்க், அதுமேலயே ஏத்தி ஏத்தி வாரேன். யூபிஎஸ் பேட்டரி செத்து நாளாச்சு.

களக்காடு_ரூட்:
இத முதல்லயே சொல்லிருக்கணும். பூட் ஆகி ஒரு நிமிஷத்துல ஆரம்பிக்குதா? அது பேக்ரவுண்ட் எஃப்எஸ்சிகே, மெஷின் ஓடும்போதே பின்னால நடக்க டிஸ்க் செக். 2003ல ஃப்ரீபிஎஸ்டி 5.0 கூட வந்தது. டிஸ்க்ல வரிசை பாத்து எழுதுற சாஃப்ட் அப்டேட்ஸ் இருக்கதால, கரண்ட் போனாலும் பாக்கி இருக்கது எந்த ஃபைலுக்கும் சேராம விட்டுப்போன பிளாக்குகளும் ஐநோடுகளும் (ஃபைல் விவரக் குறிப்பு) மட்டும்தான். அதனால மவுன்ட் பண்ணிட்டு, 60 செகண்ட் பொறுத்து, ஸ்னாப்ஷாட் (டிஸ்க் அந்த நேரத்துல இருக்க நிலை) எடுத்து அதுல செக் பண்ணும். ஸ்னாப்ஷாட் எடுக்கையில டிஸ்க்ல எழுத விடாது. உம்ம பில் அங்கதான் நிக்கு.

பணகுடி_காத்து:
எங்க லினக்ஸ்ல இந்தக் கூத்தே கிடையாது. எழுதப் போறதக் குறிச்சு வைக்க ஜர்னல் இருக்கு, செக்கே வேண்டாம்.

அம்பை_வாய்க்கால்:
வேண்டாம்னு யார் சொன்னா? ஜர்னல் பாதில நின்ன எழுத்தத்தான் சரி பண்ணும். டிஸ்க்கே கெட்டுப்போனா அது என்ன செய்யும்?

பணகுடி_காத்து:
பதினஞ்சு வருசமா ஓட்டுதேன் வே, ஒரு ஃபைல் போகல.

அம்பை_வாய்க்கால்:
உங்க ஊர்ல சுத்தி கரண்ட் எடுக்க காத்தாடி நிக்கு, கரண்ட் போகாது போல.

பணகுடி_காத்து:
காத்தாடி எங்களுக்கா சுத்துது? இங்கயும் நாலு மணிக்குப் போச்சு. ராதாபுரம் பக்கம் கேட்டுப் பாரும்.

களக்காடு_ரூட்:
காத்தாடி பஞ்சாயத்த வேற இழைல வச்சுக்கிடுங்க. ஆலங்குளம், ஆர்சி.கான்ஃப் செட்டிங் ஃபைல்ல பேக்ரவுண்ட்_எஃப்எஸ்சிகே நோ போடும். சிங்கிள் யூசர் மோட்ல போயி ஒருதடவை முழுசா செக் பண்ணும். 9.0லருந்து புதுசா இன்ஸ்டால் பண்ணா ஜர்னலும் சேந்தே வரும், உம்ம டிஸ்க் அதுக்கு முந்தினது. டியூன்எஃப்எஸ் கமாண்ட் வச்சு இப்ப போட்டுக்கிடலாம், ஆனா 12ல ஜர்னல் போட்டா ஸ்னாப்ஷாட் எடுக்க ஏலாது. ஸ்னாப்ஷாட்ட நம்பி ஓடுற டம்ப் மைனஸ் எல் கமாண்ட் வச்சு பேக்கப் எடுக்கீரா?

அம்பை_வாய்க்கால்:
செக் பண்ணுமுன்ன பேக்கப் எடுத்துருங்க தம்பி.

(ரெண்டு நாள் கழிச்சு)

ஆலங்குளம்_கடை:
நோ போட்டாச்சு. முழு செக் முடிய ஒரு டீ குடிச்சிட்டு வந்தேன். இப்ப நிக்கல. பேட்டரிக்காரர் நாளைக்கு வாராரு.

களக்காடு_ரூட்:
டம்ப் கேட்டேனே?

பணகுடி_காத்து:
ராமையும் ஒருதடவை தேச்சுப் பாருங்க.