மாமி அந்த நோட்டை வாசிக்கச் சொன்ன நாள்

நீரோடிக்காரன்:

2017 நவம்பரில் எனக்கு 24 வயது. குமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் ஒரு விசைப்படகுக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஆயிரங்கால் தூண்டில், அதாவது நீளக் கயிற்றில் வரிசையாக முள் தொங்கும் தூண்டில் போடுகிற படகு. சூரையும் சுறாவும் தேடிப் போனால் திரும்ப 15 நாள், 20 நாள், சில தடவை ஒரு மாதம்கூட ஆகும். டீசல், ஐஸ், அரிசி, மரச்சீனிக் கிழங்கு, வெங்காயம், தேங்காய், சாயாப்பொடி எல்லாம் என் நோட்டில்தான் ஏறும். முதல் பக்கத்தில் போகிறவர்களின் பெயர். அடுத்த பக்கத்தில் ஆளாளுக்குத் தனியாகக் கேட்ட சாமான்: பீடிக்கட்டு, இஞ்சி மிட்டாய், தலைவலித் தைலம். அதை அவரவர் பங்கில் பிடித்துக்கொள்வோம்.

அந்தத் தடவை 11 பேர். 29-ஆம் தேதி தாழ்வு மண்டலமாக இருந்தது 30-ஆம் தேதி காலையில் ஒக்கிப் புயலாகிவிட்டது. எங்கள் படகு கிளம்பி அப்போது ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. வயர்லெஸ் எட்டாத தூரம். கரையில் நாங்களும் மரம் விழுந்து, கரண்ட் போய், போனில் சார்ஜ் இல்லாமல் கிடந்தோம். 11 பேரில் 3 பேர்தான் வந்தார்கள்.

யார் யார் போனார்கள் என்று கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் அந்த நோட்டைத்தான் விரித்துக் காட்டினேன். அதிகாரிகள் வந்தார்கள், பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள், பக்கத்துக் கோயில் பங்குகளிலிருந்து வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் பெயர்களை நான்தான் வாசித்தேன். டிசம்பர் 7-ஆம் தேதி குழித்துறை ஸ்டேஷனில் ஜனங்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்தபோதும் அது என் பைக்குள் இருந்தது. பிறகு ஒருநாள் சாக்கில் சுற்றி அம்மாவின் பெட்டிக்கு அடியில் தள்ளிவிட்டேன். துறைமுகம் பக்கமே போகவில்லை. தகரத்தில் மழை விழுந்தால் கை ரெண்டும் சில்லிட்டுப்போகும். கண்ணை மூடினால் பெயர்கள் ஓடும், அதே வரிசையில், என் கையெழுத்தில். சாமான் ஏற்றி அனுப்பியவன் நான்தானே என்ற எண்ணம் விடவே இல்லை. குடிக்கவும் ஆரம்பித்தேன். அதை மறைக்க விரும்பவில்லை.

'ஆம்பளப் பிள்ளை, மனசைத் தளரவிடாதே' என்றார்கள். 'கடவுள் சித்தம்' என்றார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் வாயை மூடு என்பதாகவே எனக்குக் கேட்டது.

மாமியைப் பற்றித்தான் எழுத வந்தேன். சொந்த மாமி இல்லை, ஊர் முறைக்கு மாமி. பட்டியலில் நாலாவது பெயர் அவர் மகன். ஒன்பதாம் வகுப்பு வரை என்னோடு ஒரே பெஞ்சு. உடல் கிடைக்கவில்லை. மாமி மீன் விற்றுவிட்டு வரும் வழியில் எங்கள் திண்ணையில் கூடையை இறக்குவார். அம்மா கட்டன் சாயா கொடுப்பாள். என்னிடம் ஒன்றும் கேட்கமாட்டார். மிஞ்சிய சாளையில் நாலு வைத்துவிட்டு, 'மக்களே, நல்லாத் தின்னு' என்று சொல்லிப் போவார். ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பயம். வருகிற நேரம் தெரிந்து பின்வாசல் வழியாகப் போய்விடுவேன். திரும்பி வந்தால் திண்ணையில் இலை மூடிய சாளை இருக்கும்.

2019 நவம்பர் 2, கல்லறைத் திருநாள். எல்லோரும் கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுதிரி கொளுத்துவார்கள். கடலில் போய்த் திரும்பாதவனுக்குக் கல்லறை எங்கே இருக்கிறது? மாமி கடற்கரையில் மணலைக் கொஞ்சம் குழித்து, காற்றில் அணையாதபடி ஒரு தேங்காய்ச் சிரட்டைக்குள் திரியை நிறுத்தியிருந்தார். தூரத்தில் நின்ற என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

'மக்களே, அந்த நோட்டு இருக்கா?'

'இருக்கு மாமி.'

'பேரை வாசிக்காண்டாம். அவன் கடைசியா என்ன சாமான் கேட்டான்னு மட்டும் சொல்லு.'

ஓடிப்போய் எடுத்து வந்தேன். சாக்கு நாற்றம் அடித்தது. ஓரங்களில் ஈரம் ஏறி, தாள்கள் ஒட்டியிருந்தன. சிரட்டை வெளிச்சத்தில் வாசித்தேன்: 'இஞ்சி மிட்டாய் ஒரு பாக்கெட். டார்ச் பேட்டரி ரெண்டு. நீல ரீஃபில் ஒண்ணு.'

ரீஃபில் என்றதும் மாமி நிமிர்ந்தார். 'தங்கச்சிக்கு வரைய. தூண்டில்ல ஏறுற மீனெல்லாம் வரைஞ்சு கொண்டுவந்து காட்டுவான்' என்று சொல்லிச் சிரித்தார். புயலுக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, 'அவன் கேட்டதை நீ கொடுத்துதான் விட்டிருக்கே' என்றார். மணலில் உட்கார்ந்து அழுதேன். ரெண்டு வருடமாக வராத அழுகை.

அடுத்த மாதம் அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரைப் பார்த்தேன். சில மாதம் மாத்திரை, கூடவே ஒரு பயிற்சி: படபடப்பு வரும்போது கண்ணுக்குத் தெரிகிற ஐந்து, தொட முடிகிற நாலு, காதில் விழுகிற மூன்று, மூக்குக்கு எட்டுகிற ரெண்டு, நாக்கில் தெரிகிற ஒன்று என எண்ண வேண்டும். முதலில் நம்பவில்லை. துறைமுக வாசலில் நின்று கயிறு, கூடை, காகம் என்று எண்ணித்தான் உள்ளே கால் வைத்தேன். இன்றும் கணக்குதான் எழுதுகிறேன். முதல் பக்கத்தில் இப்போது ஒவ்வொருவரின் வீட்டுப் போன் எண்ணும், ரத்தப் பிரிவும், லைஃப் ஜாக்கெட் ஏற்றியதற்கு ஒரு கோடும் இருக்கும். கோடு விழாமல் படகை அவிழ்க்க விடமாட்டேன்.

குளச்சல் அக்கா:

தம்பி, வாசித்து முடிக்க ரெண்டு தடவை எழுந்து போக வேண்டியிருந்தது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, சுனாமி வந்த நாள். எனக்கு 9 வயது. கிறிஸ்துமஸுக்கு எடுத்த உடுப்புதான் உடம்பில். அம்மாவை இழந்தேன். முகாமுக்கு வாரம் ஒரு கூட்டம் வந்து அதே கதையைச் சொல்லச் சொல்லும், தாளும் கிரேயானும் கொடுத்து வரையச் சொல்லும். கறுப்பு அலை வரைந்தால் தட்டிக்கொடுப்பார்கள். நான் ஆட்டுக்குட்டி வரைந்த அன்று ஒருத்தரும் என்னிடம் நிற்கவில்லை. எனக்கு அன்று ஆட்டுக்குட்டியைப் பற்றிப் பேசத்தான் ஆசையாக இருந்தது.

19 வருடம் கடலில் கால் நனைக்கவில்லை. போன வருடம்தான் ஒரு முடிவு எடுத்தேன். மாதத்தின் முதல் ஞாயிறு, மகளோடு போவேன். யாரும் கூப்பிட்டு அல்ல, நானே நாள் குறித்து. செருப்பைக் கழற்றி வைக்கிற இடம்தான் அன்றைய எல்லை. போன மாதம் ஈர மணல் வரை வந்திருக்கிறது.

மார்த்தாண்டம் நர்ஸ்:

அக்கா சொன்னது முக்கியமானது. நடந்ததைச் சொல், சொல் என்று நெருக்குவது ஆறுதல் அல்ல. 2011-இல் உலக சுகாதார நிறுவனம் மற்ற அமைப்புகளோடு சேர்ந்து வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டின் சாரமே பார், காதுகொடுத்துக் கேள், உதவியோடு இணை என்பதுதான். அந்த மாமி எந்தக் கையேடும் படிக்காமல் சாளையோடு வந்து உட்கார்ந்திருக்கிறார்.

உடல் கிடைக்காத துக்கம் வேறு மாதிரி. இருக்கிறார் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. வியட்நாம் போரில் காணாமல்போன வீரர்களின் குடும்பங்களோடு பழகிய பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களிலேயே இதைத் தனி வகை இழப்பாகச் சொன்னார். 'இன்னும் மறக்கலியா' என்று அந்த வீட்டில் கேட்காதீர்கள், தயவுசெய்து.

கெட்ட கனவு, திடுக்கிடல், இடத்தைக் கண்டு ஒதுங்குவது இதெல்லாம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரைப் பாருங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். போக முடியாதவர்கள் 14416-ஐ அழைக்கலாம். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண், இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

அருமனைக்காரன்:

உயிர் போன வீடுகளுக்கு முன்னால் இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஒக்கியில் எங்கள் ரப்பர் முழுவதும் சாய்ந்தது. அப்பா நட்ட மரங்கள். 'மரம்தானே' என்றார்கள். நட்டால் பால் வெட்ட ஏழு வருடமாகும், அப்பாவுக்கு அப்போதே வயது 70. அவர் அதன்பின் விளைக்குள் இறங்கவே இல்லை. நான் மறுபடி நட்டேன். முதல் வெட்டுக்கு அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகத்தான் இருந்தேன். அதற்கு ஆறு மாதம் முன்னால் போய்விட்டார். சிரட்டையில் பால் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு தனியாக நின்றேன்.

நீரோடிக்காரன்:

அண்ணே, கூச்சப்படாதீங்க. அவர் நட்ட மரத்துக்கு அவர் அழுதார், அதில் என்ன சின்னது பெரியது.

அக்கா, வருகிற 26-ஆம் தேதி மாலை குளச்சலுக்கு வருகிறேன். மாமியிடம் உங்கள் ஆட்டுக்குட்டியைப் பற்றிச் சொன்னேன், அவரும் வருகிறாராம். ஈர மணல் வரை நடப்போம், உங்களுக்கு வேண்டாமென்றால் அதற்கு முன்னாலேயே நிற்போம். சிரட்டை நாங்கள் கொண்டுவருகிறோம்.